கொல்லையில் குடியேறிய காய்கனிகள்



இன்றைக்கு உங்க வீட்டில் என்ன சமையல்? பச்சை மிளகாய் போட்ட சாம்பார், தக்காளி ரசம், உருளைக்கிழங்குப் பொரியல் என்று ஏதாவது இருக்கும். இதெல்லாம் முப்பாட்டன் காலத்திலிருந்து வருகிற சமையல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் 600 வருஷத்துக்கு முன்னால் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றுமே நம் நாட்டில் கிடையாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை.

1492-இல் கொலம்பஸ் அமெரிக்கத் தீவுகளை அடைந்தார். 1498-இல் வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தார். போர்ச்சுகீசியர் தேடி வந்தது நம் மலைநாட்டு மிளகை. அதை ஏற்றிக்கொண்டு போனவர்களின் கப்பல்களில்தான் பின்னால் மிளகாய் இங்கே வந்தது. அதுவரை நம் குழம்புக்குக் காரம் கொடுத்தவை மிளகும் திப்பிலியும் இஞ்சியும். மிளகு மாதிரி காரமான காய் என்பதால் அதற்கு 'மிளகாய்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இப்படிப் பெயரைக் கேட்டாலே பல பயிர்களின் பூர்வீகம் தெரிந்துவிடும். ஐரோப்பியரைப் பறங்கியர் என்றோம். அவர்கள் காலத்தில் வந்தது பறங்கிக்காய். அன்னாசி, கொய்யா என்ற பெயர்கள் போர்ச்சுகீசிய மொழி வழியாக வந்தவை. பப்பாளியும் அந்தப் பக்கத்துப் பழம்தான். கத்தரி, பாகல், முருங்கை, மா, பலா எல்லாம் அதற்கு முன்பே நம்மோடு இருந்தவை. பல வீடுகளில் திவசச் சமையலில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை, மிளகுதான் சேர்க்கிறார்கள். பழைய சமையல் எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

வந்த பயிர்கள் எப்படி இவ்வளவு சீக்கிரம் ஊரெல்லாம் பரவின? மிளகுக்கொடிக்கு மலையும் மழையும் நிழலும் வேணும். மிளகாய்க்குக் கொல்லையில் நாலு குழி இடம் போதும். காய வைத்தால் வருஷம் முழுக்க வரும். பாத்திரம் கழுவின தண்ணீரிலேயே பப்பாளி காய்க்கும். காயைக் கூட்டு வைக்கலாம், பழுத்தால் பிள்ளைகளின் கண்ணுக்கு நல்லது. ஒரு வீட்டில் காய்த்தால் விதை அடுத்த வீட்டுக்குப் போகும். பறங்கிப் பூ இன்றைக்கு மார்கழிக் கோலத்தின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. வந்தது எதுவானாலும், விதை எடுத்து வைத்த வீடுகளால்தான் அது நம்முடையது ஆனது.

விதையும் கன்றும் கை நழுவினால் நம்முடையதும் போய்விடும். பழனி மலைப் பகுதியின் விருப்பாட்சி வாழையைப் பாருங்க. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன பழம் அது. 1970-களில் முடிக்கொத்து நோய் தாக்கி, சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த சாகுபடி 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. நோயை ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் பரப்புவது அசுவினிப் பூச்சி. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டுபோவது நோய்ப்பட்ட மரத்தின் பக்கக்கன்று. நோயில்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை வைத்துத்தான் அந்த வாழையை மீட்க வேண்டியிருந்தது. 2008-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கத்தரியிலும் அதே கதைதான். ஊருக்கு ஒரு ரகம் இருந்தது. வேலூர் முள்ளுக் கத்தரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. அப்படிப் பெயர் கிடைக்காமலே மறைந்து வருகிற ரகம் உங்க ஊரிலும் இருக்கலாம். அதைக் காப்பாற்றுவது கஷ்டமில்லை. திடமான செடியில் இரண்டு மூன்று காய்களைப் பறிக்காமல் விடுங்க. மஞ்சளாகப் பழுத்ததும் அறுத்து, விதையைத் தண்ணீரில் அலசி, மிதக்கிறதைக் கொட்டிவிடுங்க. அடியில் தங்கினதை நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, ஈரம் படாத டப்பாவில் மூடி வையுங்க. பக்கத்தில் வேறு கத்தரி ரகம் இருந்தால் கலப்பு வரும், தள்ளி நடுங்க. கடையில் வாங்கின வீரிய ஒட்டு ரகத்தில் விதை எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. ஆகவே நாட்டு ரகத்தில்தான் எடுக்கணும். வாழைக் கன்றையும், இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கிற மரத்திலிருந்து எடுக்கவே எடுக்காதீங்க.

இரண்டரை சென்ட் கொல்லை இருந்தால் ஒரு குடும்பத்துக்கு வேண்டிய காய்கறியில் பெரும்பகுதியை அங்கேயே எடுக்கலாம். காலையில் பறித்த காய் மத்தியானம் குழம்பில் கிடக்கிற ருசியை நான் சொல்லியா தெரியணும்? இந்த முறை கடைசிப் பறிப்பு வரை காத்திருக்காமல், நல்ல காயாக இருக்கும்போதே விதைக்கென்று ஒன்றை ஒதுக்குங்க. அடுத்த வீட்டுக்கும் ஒரு பிடி கொடுங்க. உங்க கொல்லையில் பட்டுப்போனாலும் அங்கே இருக்கும்.