முந்நூற்று நாலு: பாதிக் கையில் கேட்கும் ஆட்டம்

முந்நூற்று நாலு (304) இலங்கைத் தமிழரிடையே பெருவழக்காக உள்ள சீட்டாட்டம். நால்வர் இரண்டு சோடிகளாகப் பிரிந்து, பாட்னர்கள் எதிரெதிரே அமர்ந்து, 32 சீட்டுகளைக் கொண்டு ஆடுவர். கையில் வர வேண்டிய எட்டுச் சீட்டில் நான்கு மட்டும் வந்திருக்கும்போதே எத்தனை புள்ளி எடுப்போம் என்று பந்தயம் கூற வேண்டும் (இதையே ‘கேட்பது’ என்பர்) என்பது இதன் தனித்தன்மை. வராத சீட்டை நம்பித் துணியும் இந்தக் கணிப்பு, இணையப் போக்கர் போட்டிகளில் ‘டிரா’ எனப்படும் முற்றுப்பெறாத கையை ஆடுவதற்கு மிக நெருங்கிய உறவு. ஆனால் போக்கரில் இல்லாத ஒன்று இங்கே உண்டு: வராத சீட்டு பாட்னரிடம் போய்ச் சேர்ந்தாலும் அது நம்முடையதே.

சீட்டும் புள்ளியும்

ஒவ்வொரு வகையிலும் எட்டுச் சீட்டுகள். வரிசையில் முதலிடம் ஜாக்குக்கு; ஆடுபவர்கள் அதை வீறு என்பர். அதற்கு 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு மணல் என்று பெயர், 20 புள்ளி. பிறகு ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. ஆக ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் 304. ஆட்டத்தின் பெயர் இந்தக் கூட்டுத்தொகைதான். வீறும் மணலும் சேர்ந்தால் மட்டும் 50 புள்ளி என்பதால், ஒரு வகையின் பெரும்பங்கு மதிப்பு இரண்டே சீட்டில் அடங்கிக் கிடக்கிறது.

ஒன்றிரண்டு சீட்டை இப்படி உச்சியில் வைக்கும் முறை ஐரோப்பாவின் யாஸ் குடும்ப ஆட்டங்களுக்கு உரியது. ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் 32 சீட்டுகள்தான். அங்கே துரும்பு (மற்ற வகைகளை வெட்டும் வகை) எனப்படும் வகையில் ஜாக்கும் ஒன்பதும் ஆசை விஞ்சும். கேரளத்தில் ஆடப்படும் இருபத்தெட்டும் இதே குடும்பம். ஒல்லாந்தருக்கு இலங்கையோடு நெடுந்தொடர்பு உண்டு: 1639இல் அவர்கள் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். இடையிடையே கைமாறினாலும், 1795இல் பிரித்தானியர் எடுக்கும்வரை இந்தத் துறைமுகத்தில் அவர்கள் நீண்டகாலம் இருந்தனர். இஸ்கோப்பன், கலாவரை என்ற சீட்டுப் பெயர்கள் அவர்களுடைய மொழியிலிருந்து வந்தவை. சிங்களத்தில் நான்கு வகைகளின் பெயருமே அப்படித்தான்.

நாலில் கேட்பது

சீட்டு வலப்பக்கமாகச் சுற்றும். முதலில் ஆளுக்கு நான்கு கொடுக்கப்படும். அந்த நான்கைப் பார்த்து ஒவ்வொருவரும் கேட்க வேண்டும் அல்லது விட்டுக்கொடுக்க வேண்டும். குறைந்த கேள்வி 160, அதாவது மொத்தத்தில் பாதியைவிட எட்டுப் புள்ளி கூடுதல். யார் அதிகம் கேட்கிறாரோ அவர் தன் நான்கிலிருந்து ஒரு சீட்டைக் கவிழ்த்து மேசையில் வைப்பார். அந்தச் சீட்டின் வகையே துரும்பு. அதன் பிறகுதான் மிச்ச நான்கு வரும். இரண்டாம் நான்கைப் பார்த்தபின் மிகப் பெரிய தொகைக்குக் கேட்க ஒரு வாய்ப்பு உண்டென்றாலும், அன்றாட ஆட்டங்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே தீர்மானமாகிவிடுகின்றன.

ஒரு சீட்டின் சராசரி மதிப்பு ஒன்பதரை. நான்கு சீட்டின் சராசரி 38. இப்போது ஒரு கையை எடுத்துக்கொள்வோம்: கலாவரையில் வீறு, மணல், ஏழு, இஸ்கோப்பனில் வீறு. நான்கு சீட்டிலேயே 80 புள்ளி. 160 கேட்டால், கண்ணுக்குத் தெரியாத 224 புள்ளியில் இன்னும் 80 தேவை. கலாவரையில் ஐந்து சீட்டு வெளியே இருக்கின்றன. பார்க்காத 28 சீட்டில் எனக்கு வருபவை நான்கு. அவற்றில் ஒரு கலாவரையாவது இருப்பதற்கு நூற்றுக்கு 57 வாய்ப்பு. மூன்று துரும்பு நான்காகும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதால், இந்தக் கை கேட்கத்தக்கது மட்டுமல்ல, கேட்காமல் விட்டால் பிழை என்பேன்.

இதற்கு மாறான கை ஒன்றும் பார்க்க வேண்டும். மணல், ஆசு, பத்து மூன்றும் ஒரே வகை. நான்காவது சீட்டு உபயோகமற்றது. புள்ளி 41, துரும்பும் மூன்று. பார்வைக்கு நல்ல கை. ஆனால் வீறு வெளியே. அது எனக்கு வர ஏழில் ஒரு பங்கு வாய்ப்பு. பாட்னருக்கு ஏழில் இரண்டு. எதிராளிகளிடம் இருக்க ஏழில் நான்கு. எதிராளி கையில் அது இருந்தால், என் மணலையோ ஆசையோ பத்தையோ அது விழுங்கிக்கொண்டு போகும். பழகாதவர்கள் இப்படியான கையில்தான் 180, 190 வரை ஏறி விழுகிறார்கள். புள்ளியை எண்ணுகிறார்கள், அந்தப் புள்ளியைக் காக்கும் சீட்டு எங்கே என்று எண்ணுவதில்லை.

மேலே சொன்ன விகிதத்தில் ஆட்டத்தின் முழு நுட்பமும் இருக்கிறது. எனக்கு இனி வருவது நான்கு. பாட்னருக்கு உள்ளது எட்டு. ஆகவே எனக்கு வேண்டிய எந்தச் சீட்டும் என்னிடம் வருவதைவிட அவரிடம் இருக்க இரு மடங்கு வாய்ப்பு. கேட்பவர் தன் கைக்கு வரப்போவதை மட்டும் கணக்கிட்டால் மூன்றில் ஒரு பங்கையே கணக்கிட்டவர் ஆகிறார். பாட்னர் முன்னதாக என்ன செய்தார், கேட்டாரா, உடனே விட்டாரா, எதிராளி கேட்டதற்கு மேல் ஏறினாரா என்பதெல்லாம் அந்த எட்டுச் சீட்டைப் பற்றிய செய்தி. பேசக் கூடாது, சாடை காட்டக் கூடாது. கேள்வி ஒன்றே அனுமதிக்கப்பட்ட பேச்சு. ‘பாட்னர்’ என்று சொல்லித் தன் முறையை எதிரே இருப்பவரிடம் ஒப்படைக்கும் வழக்கமும் உண்டு. கேட்க மனமில்லை, ஆனால் துணைக்கு ஏதோ இருக்கிறது என்ற செய்தி அந்த ஒரு சொல்லிலேயே போய்விடும்.

தோல்வியின் விலை

ஆட்டக் கணக்கு கல் அல்லது காயால் வைக்கப்படும். இடத்துக்கிடம் விதி மாறினாலும், 160க்குக் கேட்டு வென்றால் ஒன்று, தோற்றால் இரண்டு என்பது பரவலான முறை. இந்த முறையில் மூன்று தடவை கேட்டால் இரண்டு தடவையாவது வெல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்கக் கேட்க நட்டம். சரிபாதி வாய்ப்புள்ள கை இங்கே கேட்கத்தக்க கை அல்ல.

போக்கர் போட்டியோடு இதை ஒப்பிட்டால் விளங்கும். டெக்சஸ் ஹோல்டம் ஆட்டத்தில் மேசையில் மூன்று சீட்டு விழுந்த நிலையில், ஒருவரிடம் ஒரே வகையில் நான்கு சீட்டு சேர்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஐந்தாவதைத் தரக்கூடியவை 9, பார்க்காதவை 47. அடுத்த சீட்டிலேயே அது வர நூற்றுக்கு 19. மிச்ச இரண்டில் ஏதாவது ஒன்றில் வர 35. அதே கையில் இரு முனையும் திறந்த தொடர்வரிசையும் இருந்தால் உதவக்கூடிய சீட்டுகள் 15 ஆகின்றன. வாய்ப்பு 54க்கு ஏறுகிறது. இன்னும் எதுவுமே அமையாத கை, அமைந்த ஒரு சோடியைவிட முன்னால் நிற்கிறது. வலுவான டிரா என்பது இதுதான்.

ஆனாலும் போட்டியில் 54 என்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லாச் சிப்பையும் தள்ளும் எண் அல்ல. மறுபடி பணம் கட்டி நுழைய முடியாத போட்டியில், இழந்த சிப் ஒன்றின் மதிப்பு வென்ற சிப் ஒன்றின் மதிப்பைவிடக் கூடுதல். பரிசு வரிசை நெருங்கும்போது இந்த வேறுபாடு இன்னும் விரியும். ஆகவே தேர்ந்தவர்கள் டிராவோடு பிறர் பந்தயத்துக்கு ஒத்துப்போவதைவிடத் தாமே முதலில் தள்ளுவதை விரும்புவர். எதிராளி மடக்கிவிட்டால் சீட்டு வராமலேயே வெற்றி. டேவிட் ஸ்க்ளான்ஸ்கி இதற்கு ‘செமி பிளஃப்’ என்று பெயர் வைத்தார்.

முந்நூற்று நாலிலும் முந்திக்கொள்பவருக்கு ஒரு கூலி உண்டு. கேட்டவருக்கே துரும்பு. எதிராளி 160 கேட்டு உங்கள் கையில் ஆகச் சிறிய வகையைத் துரும்பாக்கிவிட்டால் உங்கள் ஆசும் பத்தும் வெட்டுப்படும். எனவே 170 கேட்பது என் கையின் பலத்தைச் சொல்வது மட்டுமல்ல, எதிராளியின் கையிலிருந்து பலத்தைப் பறிப்பதும் ஆகும்.

கவிழ்த்த துரும்பு

துரும்பை மூடியே ஆடுவதுதான் இயல்பு. ஒரு பிடியில் (நால்வரும் ஒவ்வொரு சீட்டுப் போடும் சுற்றில்) முதலில் இறக்கப்பட்ட வகை கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுவார். பிடி முடிந்ததும் துரும்பு வைத்தவர் மட்டும் அதைப் பார்ப்பார். துரும்பு விழுந்திருந்தால் திறந்து காட்ட வேண்டும். அதோடு எல்லாருக்கும் தெரிந்துவிடும். இல்லையென்றால் அந்தச் சீட்டு மூடியபடியே போகும். கலாவரையா ஆடுகிறார்கள் என்று எதிர்ச் சோடி ஊகித்துக்கொண்டே இருக்கும் அந்த முதல் மூன்று நான்கு பிடிகள், பாதிக் கையில் கேட்டவருக்குக் கிடைக்கும் அவகாசம். வராமல் போன சீட்டின் குறையை அவர் மறைத்துச் சமாளிப்பது அங்கேதான். எட்டுப் பிடியையும் ஒரு சோடியே எடுப்பது கம்மாரிசு.

திருகோணமலைச் சூழல்

தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் திருகோணமலை. சிங்களவரின் ஓமி ஆட்டமும் 32 சீட்டு, இரண்டு சோடி, நாலுநாலாகப் பகிர்வு என்றே அமைந்தது. அங்கேயும் முதல் நான்கைப் பார்த்தே துரும்பு சொல்ல வேண்டும். பிடிகளை எண்ணுவதே ஓமி. புள்ளிக் கேள்வி அதில் இல்லை. ஒன்றை அறிந்தவர் மற்றதை விரைவில் பிடித்துக்கொள்வார். வாடைக்காலத்தில் வங்கக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையேறி நிற்கும் நாட்களும், மரணவீட்டில் விழித்திருக்கும் இரவுகளும் கடதாசி ஆட்டத்துக்கு உரிய பொழுதுகள்.

காசு வைத்து ஆடுவது வேறு விடயம். இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. தமிழ்நாடு 2022இல் இணையச் சூதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது; ரம்மியும் போக்கரும் திறனாட்டங்கள் என்று கூறி அவற்றின் மீதான தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் நீக்கியது. பிறகு 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறனாட்டம் என்றும் பாராமல், காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. முந்நூற்று நாலு கல்லுக்காகவே ஆடப்பட்டு நிலைத்த ஆட்டம். காசு சேர்ந்தால் அதன் அழகு கூடுவதில்லை.

இப்போது கைப்பேசியிலும் இதை ஆடலாம். டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் ஊரில் உள்ளவரோடு சோடி சேர முடிகிறது. இது பெரிய வரவு. முன்பின் அறியாதவர் பாட்னராக வாய்க்கும்போது மட்டும் கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவரிடம் எட்டுச் சீட்டு இருப்பது உண்மை. ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது கை வறண்டதாலா, பயத்தாலா என்று தெரியாதவரை அந்த எட்டை முழு மதிப்புக்கு எடுக்க முடியாது. அத்தகைய மேசையில் 170 கேட்கத்தக்க கைக்கு 160 போதும். 160க்கு இழுபறியான கையை விட்டுவிடலாம்.