நன்னோக்கும் நாட்டுச் சட்டமும்: சப்பிரகமுவத் தோட்டங்கள் கண்ட இரு தடைகள்

ஆள்வோர் இயற்றும் சட்டங்களுள் தீய நோக்கினாற் கேடு விளைத்தன சில. நல்ல நோக்குடன் தோன்றியும் கேடு விளைத்தன வேறு சில. முன்னவற்றை வரலாறு எளிதிற் கண்டித்துவிடும். பின்னவற்றின் காரணத்தை ஆராய்ந்து அறிதலே அரிதாகும். மக்களின் உடல்நலத்தையும் மண்ணின் வளத்தையும் காக்கும்பொருட்டு இலங்கை அரசு 2015ஆம் ஆண்டிலும் 2021ஆம் ஆண்டிலும் விதித்த இரு தடைகள் இரண்டாம் வகையைச் சார்ந்தன. அவற்றின் விளைவு சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களிலே தெளிவாகப் புலனாகின்றது.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது இம்மாகாணம். பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை ஆகிய பகுதிகளில் தேயிலையும், எட்டியாந்தோட்டை, தெரணியகலை முதலிய பகுதிகளில் இறப்பரும் தேயிலையும் செழித்து வளர்கின்றன. பெருந்தோட்டங்களில் உழைப்போருட் பலர் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழரின் வழித்தோன்றல்கள். அத்தோட்டங்களைச் சூழ்ந்து, கிராமத்தவரின் சிறு தேயிலை நிலங்கள் பரந்துள்ளன. இரத்தினபுரியில் ஆண்டொன்றுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. அம்மழை களையை விரைந்து வளர்ப்பதோடு, சரிவான நிலத்தின் சத்தையும் கழுவிச் செல்கின்றது. ஆதலின் களையடக்கலும் பசளையிடலும் இங்குப் பயிர்த்தொழிலின் இரு தூண்களாயின. இரு தடைகளும் முறையே இவ்விரு தூண்களையும் தாக்கின.

முதலாவது தடை கிளைபோசேற்று என்னும் களைகொல்லியைப் பற்றியது. வடமத்திய மாகாணத்து உழவர் பலரைக் காரணம் துலங்காத சிறுநீரக நோய் வருத்திற்று. அக்களைகொல்லியும் வன்னீரும் கூடி நோயை விளைத்தல் கூடும் என 2014இல் ஒரு கருதுகோள் வெளியாயிற்று. அது நிறுவப்படுமுன்னரே, சனாதிபதி மைத்திரிபால சிறிசேனவின் அரசு 2015ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அம்மருந்தின் இறக்குமதியை நாடு முழுவதற்கும் தடைசெய்தது. நோய் தோன்றியதோ வறண்ட வலயத்து நெல்வயற் பகுதிகளில். தடையின் சுமை வீழ்ந்ததோ ஈரவலயத்துத் தேயிலைச் சரிவுகளிலும்.

ஆட்பற்றாக்குறை நிலவிய தோட்டங்களிற் களை மண்டியது. கையால் அகற்றப் புகுந்தவிடத்துச் சுரண்டி என்னும் கருவி களையோடு மேல்மண்ணையும் பெயர்த்தது. பெயர்ந்த மண்ணை மழை அடித்துச் சென்றது. வேறு களைகொல்லிகளும் புகுந்தன. அவற்றுள் ஒன்றாகிய எம்.சி.பி.ஏ.யின் எச்சம் யப்பானுக்குச் சென்ற தேயிலையிற் காணப்பட்டு, வணிகத்திற்கு இடர் விளைத்தது. நஞ்சினை நீக்க எழுந்த தடை, வேறொரு நஞ்சுக்கு வழிதிறந்தது. 2018ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அத்தடை தளர்த்தப்பட்டது.

இப்பட்டறிவு மறக்கப்பட்டமையே வியப்பிற்குரியது. இயற்கைப் பசளைக்குப் பத்தாண்டுகளில் மாறுவதாகக் கோத்தாபய ராஜபக்ச 2019ஆம் ஆண்டுத் தேர்தலில் உறுதியளித்திருந்தார். எனினும், 2021ஆம் ஆண்டு மே மாதம் வெளியான வர்த்தமானி அறிவித்தல் இரசாயனப் பசளைகளினதும் பீடைகொல்லிகளினதும் இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இவ்விரைவுக்கு ஒரு காரணம் எனப் பலர் கருதுவர். சேதனப் பசளை மட்டும் இடப்படின் தேயிலை விளைச்சல் 35 வீதம் வரை குறையலாம் என வேளாண்மைப் பொருளியலறிஞர் எச்சரித்தனர். தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இரத்தினபுரியிலேயே இருந்தும், அத்தகைய நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து முடிபு காணவேண்டிய மாற்றம் ஓர் ஆணையால் நிகழ்த்தப்பட்டது.

எளிய கணக்கொன்றே இடர்ப்பாட்டை விளக்கும். 50 கிலோகிராம் யூரியா மூடையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. கூட்டெருவிலோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே நைதரசன் அமையும். ஆகவே ஒரு மூடையின் சத்தைப் பெற ஏறத்தாழ 1,150 முதல் 2,300 கிலோகிராம் வரை கூட்டெரு வேண்டும். அத்துணை எருவை ஆக்குதல் ஒருபுறமிருக்க, செங்குத்தான மலையிற் சுமந்து ஏற்றுவார் யார்?

தேயிலைச் செடி தன்னுட் சேர்த்த சத்தைக்கொண்டு சிலகாலம் தாங்கும். எனவே 2021இல் நாட்டின் உற்பத்தி ஏறத்தாழ 299 மில்லியன் கிலோகிராமாகவே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டபோதிலும், 2022இல் அது ஏறத்தாழ 251 மில்லியனாக வீழ்ந்தது. எரிபொருள் தட்டுப்பாடும் பசளையின் விலையேற்றமும் அவ்வீழ்ச்சிக்குத் துணைநின்றன என்பதையும் மறுத்தல் ஆகாது.

இத்தொகைகளின் பின்னே மாந்தர் உளர். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக விதிக்கப்பட்டது. முழுப்பேர் பெறுதற்குரிய கொழுந்தின் அளவைப் பல நிர்வாகங்கள் உயர்த்தின. பசளையின்றிச் செடி தளிர்க்க மறுத்தகாலை, காலைமுதல் மாலைவரை நின்றும் அளவை நிறைக்கவியலாத பெண்ணுக்கு அரைப்பேரே எஞ்சியது. சிறுநிலத்தார் பறித்தளித்த கொழுந்தும் சுருங்கிற்று. தடையை விதித்தோர் எவரும் அக்கூடையைச் சுமந்தாரல்லர். சுமந்தோரை எவரும் கேட்டாருமல்லர்.

இவற்றால் இரசாயனமே நன்று என முடித்தல் தவறாகும். அளவிறந்த பசளை நீரையும் மண்ணையும் கெடுத்தல் மெய்ம்மை. ஊவா மாகாணத்து இதல்கசின்ன போன்ற தோட்டங்களிற் சேதனத் தேயிலை நெடுங்காலம் விளைந்துவருகின்றது. அங்கே மாற்றம் மண்ணை அறிந்து படிப்படியே நிகழ்ந்தது. அதற்கெனத் தனி விலையும் கிடைத்தது. அவசர ஆணையோ சேதன வேளாண்மை என்னும் பெயரையே உழவர் ஐயுறச் செய்தது. தான் காக்க எண்ணிய நெறிக்கே அது பகையாயிற்று.

வள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். நோக்கத்தின் தூய்மை விளைவின் நன்மைக்குப் பிணையாகாது. இடத்தையும் காலத்தையும் ஆராய்ந்து, சுமை எவர் தோளில் வீழும் எனக் கேட்டறிந்த பின்னரே அறம் சட்டமாதல் வேண்டும். சப்பிரகமுவ மலைச்சாரல்கள் உணர்த்தும் பாடம் இதுவேயாம்.