வெயில் தாங்காத புழுவும் அந்தமான் ரத்தமும்

போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, எனக்குத்தான் வாயில் வரமாட்டேன் என்கிறது) வளர்ந்த எங்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை ஏற்றி வந்த போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று உடைந்து கரை ஒதுங்கியதாம். அதில் தப்பியவர்களின் வாரிசுகள்தான் ஓங்கேக்களும் ஜாரவாக்களும் என்பார்கள். கரிய தோல், சுருட்டை முடி, வேறென்ன ஆதாரம் வேணும்? வெள்ளைக்காரன் ஊகித்து எழுதி வைத்ததை நம் கடைத்தெருவும் அப்படியே பிடித்துக்கொண்டது.

இதைப் பொய்யாக்கியது டி.என்.ஏ. ஆனால் அந்தக் கதையை நான் ஒரு புழுவிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தக் குளிர் தேசத்தில் எனக்குச் சோறு போடுவதே அந்தப் புழுதான்.

சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு, அழுகிய பழத்திலும் மண்ணிலும் வாழ்க்கை. மூன்றே நாளில் முட்டையிலிருந்து தாயாகிவிடும். 1960-களில் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் இதை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். 1982-இல் பிலிப் ஹார்ட்மன், ராபர்ட் ஹெர்மன் என்ற இருவர், புற ஊதாக் கதிரைத் தாங்காத புழுக்களைத் தேடிப் பிரித்தெடுத்தார்கள். ஒன்பது வகை கிடைத்தது. ஒன்பதும் வெவ்வேறு ஜீனில் கோளாறு. 'ராட்-1' முதல் 'ராட்-9' வரை பெயர் வைத்தார்கள்.

புற ஊதாக் கதிர் என்ன செய்கிறது? டி.என்.ஏ. ஏணியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. படிக்கப் போகிற என்சைம் அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். நல்ல செல்லில் ஒட்டிய இடத்தைக் கண்டுபிடித்து, ஒரு முப்பது எழுத்துத் துண்டை வெட்டி எறிந்து, எதிர்ச் சரத்தைப் பார்த்துப் புதிதாக எழுதி ஒட்டுவதற்கு ஒரு பட்டாளமே இருக்கிறது. அதில் ஒரு ஆள் வராவிட்டாலும் வேலை நின்றுவிடும். 'ராட்-3' அப்படிப்பட்ட ஆள். மனிதர்களில் எக்ஸ்.பி.ஏ. என்று அழைக்கப்படும் ஜீனின் புழு வடிவம்தான் இது என்று 2008-இல் தெரிந்தது.

அந்த ஜீன் பழுதான குழந்தைகளுக்கு வெயிலே விஷம். சிறு வயதிலேயே முகமெல்லாம் புள்ளி, தோல் புற்றுநோய். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்பார்கள். பழுதுபார்க்கும் வேலை நடக்காததுதான் காரணம் என்று 1968-இல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் குடும்பங்களில் இந்த மாதிரி நோய்களுக்கு வாய்ப்பு அதிகம். இதை ஊரில் சொன்னால் யாரும் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை.

சரி, அந்தமானுக்கு வருவோம். இந்த வெட்டி ஒட்டும் பட்டாளம் செல்லின் கருவுக்குள் மட்டும்தான் வேலை செய்கிறது. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தனியாகக் கொஞ்சம் டி.என்.ஏ. இருக்கிறது, 16,569 எழுத்து. அங்கே இந்தப் பட்டாளம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று 1974-இலேயே பாலூட்டிகளின் செல்களில் கண்டார்கள். புழுவிலும் அப்படியே. ரொம்ப மோசமாகிவிட்ட மைட்டோகாண்ட்ரியாவைச் செல் மெதுவாக விழுங்கிச் செரித்துவிடுவது ஒன்றுதான் வழி.

தாயின் சினைப்பையில் இருக்கும் முட்டையில் வெயில் படாது என்பதால், தலைமுறை தாண்டி வருகிற தவறுகள் சூரியனால் வந்தவை அல்ல. பெரும்பாலும் நகலெடுக்கும்போது விழுந்த பிழைகள். ஆனாலும் திருத்தும் வசதி குறைவாக இருக்கும் இடத்தில் பிழை வேகமாகச் சேரும். தாயிடமிருந்து பிள்ளைக்கு அப்படியே போகும். பிழைகளை எண்ணினால், இரண்டு பேரின் தாய்வழி எப்போது பிரிந்தது என்று கணக்குப் போடலாம்.

அந்தக் கணக்கைப் போட்டவர்கள் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் லால்ஜி சிங்கும், தமிழ்நாட்டுக்காரரான குமாரசாமி தங்கராஜும். ஓங்கே, கிரேட் அந்தமானியர், நிக்கோபாரியர் ரத்தத்தை ஆராய்ந்து 2005 மே மாதம் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தமானியரிடம் இருந்தவை எம்-31, எம்-32 என்ற பழைய தாய்வழிகள். கப்பல் உடைந்து நானூறு ஐந்நூறு வருஷம் ஆகியிருந்தால் ஆப்பிரிக்கத் தாய்வழியே இருந்திருக்க வேண்டும், இல்லை. ஆப்பிரிக்காவை விட்டு முதலில் கிளம்பிய மனிதர்களோடு வந்து, 50,000 வருஷத்துக்கு மேல் தனித்திருந்தவர்கள் என்பது அவர்கள் முடிவு. நிக்கோபாரியர் அப்படியல்ல, தென்கிழக்காசியப் பக்கமிருந்து ரொம்பப் பின்னால் வந்தவர்கள்.

அடுத்த வருஷமே எதிர்ப்பும் வந்தது. வடகிழக்கு இந்தியப் பக்கம் ராஜ்பன்ஷி மக்களிடம் எம்-31-இன் நெருங்கிய கிளை கிடைத்தது. தீவில் குடியேறியது அவ்வளவு பழைய காலம் இல்லை, பர்மா வழியாகப் பின்னால் வந்திருக்கலாம் என்ற வாதம் அதிலிருந்து வளர்ந்தது. எனக்கு இந்த இரண்டாவது பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. கப்பல் கதை எப்படியும் போய்விட்டது.

நம்மவர்கள் இங்கே எச்சிலைக் குப்பியில் துப்பித் தபாலில் அனுப்பி, எத்தனை சதவீதம் எந்த ஊர் என்று பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம். கிரேட் அந்தமானியர் 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளோடு வந்து இறங்கியபோது சில ஆயிரம் பேர் இருந்தார்கள். பிறகு அம்மை, பால்வினை நோய்கள். 1961 கணக்கெடுப்பில் 19 பேர். ஓங்கேக்கள் 1901-இல் 672, இன்று நூறைச் சற்றுத் தாண்டும். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற பாட்டி இறந்தபோது 'போ' மொழியைப் பேச யாரும் மிச்சமில்லை. அதற்குமுன் பல வருஷமாகவே அந்த மொழியில் பேச அவருக்குத் துணை ஆள் கிடையாது. அந்தமான் இந்தியில்தான் மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.