பதுளைக்குப் போகும் துண்டு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து பதுளை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும்போது நோயாளியின் கையில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். இங்கே உரை பெறும் துண்டு எவர் ஒருவருடையதுமல்ல. இப்படிப்பட்ட துண்டுகளில் வரக்கூடிய சொற்களைக் கோத்து நானே எழுதிக்கொண்டது.

“பெண், 36. மலையேறினால் மூச்சு வாங்கல்.”
‘மலையேறினால்’ என்பதே இதில் முக்கியம். ரத்தம் மெல்லக் குறைந்தால் உடம்பு பழகிக்கொள்ளும். கூடையோடு மேல்மலைக்கு ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும்.

“நகம் குழி. எச்.பி. 4.”
எச்.பி. என்பது ஹீமோகுளோபின். 12 இருக்க வேண்டிய இடத்தில் 4. நகம் கரண்டிபோல் குழிவது, இரும்புச்சத்து நெடுநாளாக வற்றியதன் அடையாளம். ரத்தம் ஏற்றினாலும் மெதுவாகத்தான். அவசரப்பட்டால் களைத்த இதயம் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

“சாம்பல் தின்கிறார்.”
கேட்டால்தான் சொல்வார்கள், அதுவும் வெட்கத்தோடு. சாம்பல், மண், பச்சரிசி என நாக்கு தேடுவது இரும்புக் குறையோடு வருவது. மாத்திரை தொடங்கினால் பெரும்பாலும் தானாக விட்டுப்போகும்.

“கொளுக்கிப்புழு?”
வெறுங்காலில் துளைத்து, நுரையீரல், தொண்டை வழியாகக் குடலுக்கு வரும். ஒரு புழுவால் போகும் ரத்தம் நாளைக்கு 0.03 மில்லிலீட்டர், இன்னொரு இனத்தால் 0.2 வரை. நூற்றுக்கணக்கில் இருந்தால் கணக்கு நீங்களே போடலாம். ராக்ஃபெல்லர் அறநிறுவனம் 1916இலேயே இலங்கைத் தோட்டங்களில் இதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது. கீனோபோடியம் எண்ணெய்க்குப் பிறகு கார்பன் டெட்ராகுளோரைடு வந்தது. அது ஈரலைக் கெடுக்குமா? இலங்கையில் மரண தண்டனைக் கைதிகளுக்குக் கொடுத்து, தூக்கிலிட்ட பின் ஈரலை அறுத்துப் பார்த்தார்கள். முடிவு 1922, 1923இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அச்சேறியது. இன்று 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரு வேளை. அந்தக் கேள்விக்குறியின் பின்னால் இவ்வளவும் கிடக்கிறது.

“சாப்பாட்டோடு சாயத்தண்ணி வேண்டாம்.”
சாயத்தண்ணி என்பது வெறுந்தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்பு, உணவிலுள்ள இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றோடும் பாணோடும் தேநீர் சேர்த்து செய்து 1975இல் வெளியான ஆய்வு காட்டியது இதைத்தான். அறிவுரை சரி. ஆனால் ரொட்டியும் சாயத்தண்ணியுமே காலைச் சாப்பாடாக உள்ள வீட்டில், விடியலில் மலைக்கு ஓடுகிறவர் சாயத்தண்ணியை எந்த நேரத்துக்குத் தள்ளி வைப்பார்?

“எச்.பி. ஏறினாலும் மாத்திரை மூன்று மாதம். மாதம் ஒருமுறை கிளினிக்.”
எண் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப அவ்வளவு காலம் ஆகும். கிளினிக் என்றால் முதல் பஸ், வரிசை, மத்தியானத் திரும்பல். அன்றைக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய கூலி இல்லை.