நோயாளிப் பராமரிப்பில் கையடக்க வாயு உணரிகள்

நோயாளி வெளிவிடும் மூச்சிலோ, அவருக்குச் செலுத்தப்படும் காற்றிலோ குறிப்பிட்ட ஒரு வாயு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சிறு கருவிகள் இவை. படுக்கையருகே மட்டுமல்ல, ஓடும் ஆம்புலன்ஸிலும் பயன்படுபவை.

கடலூர் மாவட்டத்தின் மேற்கே, வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடி போன்ற ஊர்களில் இவற்றின் தேவை கூடுதல். தரையில் படுத்துறங்கும்போது கட்டுவிரியன் கடித்தவர், பூச்சிமருந்து குடித்தவர் ஆகியோருக்கு மூச்சுத்தசைகள் செயலிழக்கக்கூடும். மூச்சுக்குழாயில் குழாய் செருகி, விருத்தாசலத்துக்கோ கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ அனுப்ப நேரிடும். மேடுபள்ளச் சாலையில் அந்தக் குழாய் இடம் மாறினால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இங்கே காப்பது கரியமில வாயு உணரி. வெளிக்காற்றில் இந்த வாயு 0.04 விழுக்காடுதான், நுரையீரலிலிருந்து வரும் மூச்சிலோ ஏறத்தாழ 5 விழுக்காடு. அகச்சிவப்புக் கதிரை இவ்வாயு உறிஞ்சும் அளவைக் கொண்டு கருவி அதைக் கணிக்கிறது. மூச்சின் இறுதியில் இதன் அழுத்தம் 35 முதல் 45 மி.மீ. பாதரசம் வரை இருப்பது இயல்பு. குழாய் உணவுக்குழலுக்குள் போயிருந்தால் கருவித் திரையில் அலைக்கோடு எழாது. மின்சாரமே வேண்டாத வகையும் உண்டு: அதிலுள்ள வேதித்தாள் ஊதாவிலிருந்து மஞ்சளாகும். குழாய் உணவுக்குழலில் இருந்தும், வயிற்றில் சோடா பானம் இருந்தால் முதலில் பொய்யாக நிறம் மாறலாம். ஆறு மூச்சுவரை பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இதயம் நின்றவரிடம் குழாய் சரியான இடத்தில் இருந்தும் நிறம் மாறாமல் போகலாம்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாயு உணரி அன்று. அது ரத்தத்தின் நிறத்தை அளப்பது. கூடுதல் ஆக்சிஜன் பெறுபவரின் மூச்சு தளர்ந்தாலும் அதில் எண் சிறிது நேரம் 98 என்றே நிற்கும். புகையில் சிக்கியவரிடம் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும். ஆக்சிமீட்டரை மட்டும் நம்பி நோயாளியை நெடுந்தூரம் அனுப்புவது ஆபத்து.

மூச்சில் நைட்ரிக் ஆக்சைடை அளந்து ஆஸ்துமாவையும், கார்பன் மோனாக்சைடை அளந்து புகைப்பழக்கத்தையும் அறியும் கருவிகள் புறநோயாளிப் பிரிவுக்கு உரியவை.

நோயாளிக்குச் செலுத்தும் காற்றையும் அளக்க வேண்டும். ஆக்சிஜன் செறிவூட்டி தரும் காற்றில் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆக்சிஜன் இருக்க வேண்டும். உள்ளிருக்கும் சியோலைட் என்னும் வடிகட்டிப் பொருள் ஈரத்தில் கெட்டால் அளவு குறையும்; ஓட்டமானி அப்போதும் 5 லிட்டர் என்றே காட்டும். குறையைச் சொல்வது ஆக்சிஜன் உணரிதான். மின்வேதி வகை உணரி, உறை பிரித்த நாளிலிருந்தே, பயன்படுத்தாவிட்டாலும் தேயும். திறந்த வெளியில் பிடித்தால் 21 காட்டுகிறதா என்று அவ்வப்போது சரிபார்ப்பது அவசியம்.