இந்திய விண்வெளித் திட்டம்: செலவும் சமூகப் பயனும்

ராக்கெட்டுகளையும் செயற்கைக்கோள்களையும் கோள் ஆய்வுக் கலங்களையும் உருவாக்கி இயக்க இந்திய அரசு நடத்திவரும் பணியே இந்திய விண்வெளித் திட்டம். 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலிருந்து அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டதை இதன் தொடக்கமாகக் கொள்வர். திட்டத்தை நடத்தும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ 1969இல் அமைந்தது. வறுமை தீராத நாட்டுக்கு இது தேவையா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. நிலவிலும் கோள்களிலும் மனிதப் பயணத்திலும் பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு நமக்கில்லை, உயர்தொழில்நுட்பத்தை மக்களின் பிரச்சினைகளுக்குப் பயன்படுத்துவதில் மட்டும் நாம் எவருக்கும் பின்தங்கக் கூடாது என்பது திட்டத்தின் முன்னோடியான விக்ரம் சாராபாயின் நிலைப்பாடு. அவர் விலக்கிவைத்த மூன்று இலக்குகளும் இன்று திட்டத்துக்குள் வந்துவிட்டன. அதனால் அந்தப் பழைய கேள்வியை மறுபடி கேட்பது நியாயமே.

செலவின் அளவு

2024-25ஆம் ஆண்டில் விண்வெளித் துறைக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 13,000 கோடி ரூபாய். மத்திய அரசின் அவ்வாண்டு மொத்தச் செலவு சுமார் 48 லட்சம் கோடி. ஆக, விண்வெளியின் பங்கு 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு. தலைக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகாது. இதை நிறுத்திவிட்டால் பசி தீரும் என்ற வாதம் கணக்கில் நிற்பதில்லை. அதற்காக, தொகை சிறியது என்பதே ஒரு செலவுக்கு நியாயம் ஆகிவிடாது. அந்தப் பணம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

புயலும் செயற்கைக்கோளும்

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை வங்கக் கடலில் இருக்கிறது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலின்போது இந்தியாவிடம் செயற்கைக்கோள் எதுவும் இல்லை. 1977இல் ஆந்திரக் கடலோரத்தில் புயலுக்குப் பலியானோர் சுமார் பத்தாயிரம் பேர். 1983இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி, தொலைக்காட்சி ஒளிபரப்புடன் வானிலைப் படங்களையும் தொடர்ந்து அனுப்பியது. ஆனாலும் 1999இல் ஒடிசாவின் பெரும்புயல் ஏறத்தாழ அதே அளவு உயிர்களைப் பறித்தது. வானில் கண் இருந்தது. கரையில் போதிய புகலிடங்களும் மக்களை அப்புறப்படுத்தும் ஏற்பாடும் இல்லை. அதன்பின் ஒடிசா அரசு அவற்றைக் கட்டியெழுப்பியது. 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. விண்வெளிக்குச் செலவிட்ட பணத்தின் பயனை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை. தரையில் செய்த செலவு சேர்ந்த பிறகே அந்தப் பயன் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குமரி மாவட்டம் இதன் மறுபக்கத்தை அனுபவித்தது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் உருவானபோது பல படகுகள் ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தன. கைப்பேசி எட்டாத தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரியும் கேரளமும் நூற்றுக்கணக்கான மீனவர்களை இழந்தன. நடுக்கடலிலும் எச்சரிக்கையைப் பெற்றுத்தரும் ஜெமினி கருவி 2019இல்தான் அறிமுகமானது. செயற்கைக்கோள் வழியே இருபுறமும் செய்தி அனுப்பவல்ல டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024இல் தொடங்கப்பட்டது.

நிலவும் செவ்வாயும்

கோள் ஆய்வுக்கு இந்தியா செலவிட்டது ஒப்பீட்டளவில் குறைவு: நிலவுக் கலமான சந்திரயான்-1க்கு 386 கோடி, செவ்வாய்க் கலமான மங்கள்யானுக்கு 450 கோடி, நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்குச் சுமார் 615 கோடி. சிக்கனத்துக்கு ஒரு சான்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. நிலவின் மண்ணை ஒத்த அனார்த்தோசைட் பாறை சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கிறது. அதைப் பொடித்துத்தான் சந்திரயான் திட்டத்தின் தரையிறங்கு கலத்துக்கும் ஊர்திக்குமான சோதனைத் தளத்தை அமைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து பெரும் விலைக்கு வாங்க வேண்டியிருக்கவில்லை.

அறிவியல் பலன் எல்லாக் கலங்களிலும் ஒன்றுபோல் இல்லை. நிலவின் பரப்பில் நீர் மூலக்கூறுகள் உள்ளதைச் சந்திரயான்-1 சுமந்துசென்ற நாசாவின் கருவி காட்டியது. 2009இல் வெளியான அந்த முடிவு நிலவைப் பற்றிய பார்வையையே மாற்றியது. மங்கள்யான் வெறும் 15 கிலோ எடையில் ஐந்து கருவிகளைக் கொண்டுசென்றது. அதன் அறிவியல் பயன் சொற்பம் என்று இஸ்ரோவின் முன்னாள் தலைவர் ஜி. மாதவன் நாயரே வெளிப்படையாகக் குறை கூறினார். அந்தக் குறையில் நியாயம் உண்டு. தொலைதூரக் கலத்தை வழிநடத்தும் திறனை ஈட்டியதே மங்கள்யானின் உண்மையான ஆதாயம்.

ககன்யானின் கணக்கு வேறு. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தத் திட்டத்துக்கு 2018இல் சுமார் 9,000 கோடி ரூபாய் ஒப்புதல் ஆனது. 2024இல் அது 20,193 கோடியாக உயர்ந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட சந்திரயான்-3 பயணங்களுக்குப் போதுமான தொகை இது. புயல் எச்சரிக்கையைப் போலவோ நிலவில் நீரைக் கண்டதைப் போலவோ சுட்டிக்காட்டத்தக்க ஒரு பயன் இதற்கு இன்னும் தெளிவாக முன்வைக்கப்படவில்லை.

இந்திய விண்வெளிச் செலவு இதுவரை தன் மதிப்பைப் பெருமளவு மெய்ப்பித்திருக்கிறது. கோள் ஆய்வும் தொடரத் தகுந்ததே. ஆனால் படகுகளுக்கான கருவித் திட்டம் ககன்யான் செலவில் இரண்டு விழுக்காடுகூட இல்லை. இந்தியர் ஒருவர் சொந்த ராக்கெட்டில் விண்ணுக்குப் போகும் முன்பே, ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகிலும் அந்தக் கருவி இருந்தாக வேண்டும்.