கரட்டு நிலமும் டார்க் கன்வர்ட்டரும்

மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு. நின்ற நிலையிலிருந்து அது இழுக்காது. மாடு நின்றபடியே நுகத்தடிக்குத் தோள் கொடுத்து வண்டியை நகர்த்திவிடும்; நீராவி எஞ்சினும் அவ்வாறே செய்யும். பெட்ரோலிலோ டீசலிலோ ஓடும் எஞ்சின் முன்னமே சுழன்றுகொண்டிருந்தாலன்றித் தன் வலிமையைக் காட்டாது. சுழலும் எஞ்சினை நிற்கும் சக்கரத்தோடு இணைப்பது எங்ஙனம் என்பதே வண்டி செய்தோர் முதலில் எதிர்கொண்ட வினா. செப்பனிட்ட சாலையில் கிளச்சு அதற்குத் தக்க விடையாயிற்று. பாறையும் சேறும் மணலும் மண்டிய வழியிலோ அவ்விடை ஓட்டுபவரின் இடது காலையே நம்பி நின்றது. செங்குத்தான ஏற்றத்தில் கியர் மாற்றும் அந்த அரை நொடிக்குள் வண்டி பின்னுக்கு உருளத் தொடங்குவதை, இமயச் சாரல்களில் பணிபுரியும் நம்மவர் பலர் நேரில் கண்டிருப்பர்.

இவ்வினாவுக்கு மற்றொரு விடை கடலிலிருந்து வந்தது. அக்காலத்தில் ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததும், இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான ஸ்டெட்டின் துறைமுகத்தில், வல்கன் கப்பல் தளத்துப் பொறியாளராக இருந்தவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர். நீராவி டர்பைன் மிக விரைந்து சுழலும். கப்பலின் உந்துசக்கரமோ மெல்லச் சுழன்றால்தான் நீரைத் தள்ளும். இரண்டையும் பல்சக்கரங்களால் பிணைக்கலாம் என்றால், அவ்வளவு பெரும் விசையைத் தாங்கும் பற்களை அந்நாளில் வெட்டத் தெரியவில்லை. ஃபோட்டிங்கர் வேறு வழியில் சிந்தித்தார். ஒரு பம்பு நீரை இறைக்கட்டும்; அந்த நீர் ஒரு டர்பைனைச் சுழற்றட்டும்; இடையில் குழாய்கள் எதற்கு? பம்பையும் டர்பைனையும் ஒரே கூட்டுக்குள் எதிரெதிரே வைத்துவிட்டால் போதும் அல்லவா? 1905ஆம் ஆண்டில் இதற்கு அவர் காப்புரிமை பெற்றார். பின்னாளில் பல்சக்கரம் வெட்டும் கலை முன்னேறவே, கப்பல்கள் இக்கருவியைக் கைவிட்டன. நிலம் அதனை ஏற்றுக்கொண்டது. நீர் இருந்த இடத்தில் எண்ணெய் அமர்ந்தது.

இதன் அமைப்பைச் சற்றே நோக்குவோம். இரு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால் மற்றொன்றும் மெல்லச் சுழலும். காற்றுக்குப் பதில் எண்ணெயும், திறந்த வெளிக்குப் பதில் மூடிய கூடும் இருப்பதாகக் கொள்க. இவ்வளவே இருப்பின் அது வெறும் திரவ இணைப்பு. பெற்ற முறுக்குவிசையை அப்படியே தரும், கூட்டித் தராது. இரண்டுக்கும் நடுவே ஸ்டேட்டர் என்னும் மூன்றாவது சக்கரத்தை அமைத்து, திரும்பி வரும் எண்ணெயைப் பம்புக்குத் துணையாகும் திசையில் வளைத்து அனுப்பும்போதுதான் கன்வர்ட்டர் பிறக்கிறது. வண்டி அசையத் தொடங்கும் வேளையில் அது எஞ்சினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரு மடங்காக்கித் தரும். கிளச்சு செய்ய இயலாத செயல் இது.

கரட்டு நிலத்தில் இந்த எண்ணெய்க்கு முதற்பெரும் சோதனை இரண்டாம் உலகப் போரில் நேர்ந்தது. விமானங்களுக்கே எஞ்சின் போதாத நிலையில், அமெரிக்கர் தம் இலேசுவகை டாங்கியான எம்-5 ஸ்டூவர்ட்டில் இரண்டு காடிலாக் கார் எஞ்சின்களைப் பொருத்தி, கார்களுக்கென ஆக்கிய ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியரையும் உடன் சேர்த்தனர். அதில் இருந்தது திரவ இணைப்பே. உண்மையான கன்வர்ட்டர் 1943இல் ப்யூக் தொழிற்சாலை ஆக்கத் தொடங்கிய எம்-18 ஹெல்காட்டில் அமைந்தது. மணிக்கு 88 கிலோமீட்டர் அளவுக்கு ஓடிய அவ்வண்டி, அந்நாளைய போர் வண்டிகளுள் விரைவில் தலையாயது. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது கியரை மறந்து வழியை மட்டும் நோக்கலாம் என்பது ஓட்டிய வீரனுக்கு உயிர் காக்கும் செய்தி.

போருக்குப்பின் வந்த பேட்டன் டாங்கிகளிலும் கன்வர்ட்டர் இடம்பெற்றது. அவற்றை நம் நாடு நேருக்கு நேர் கண்டது 1965 செப்டம்பரில், பஞ்சாபில் கேம்கரன் அருகேயுள்ள அசல் உத்தரில். கால்வாய் நீரைப் பாய்ச்சிச் சேறாக்கிய கரும்பு வயல்களில் பாகிஸ்தானின் பேட்டன்கள் பல சிக்கி நின்றன. அப்போரில் அப்துல் ஹமீது பேட்டன்களை வீழ்த்தியது சாதாரண ஜீப்பின்மேல் ஏற்றிய பீரங்கியால். அந்த ஜீப்புக்குக் கிளச்சும் கைக்கியருமே இருந்தன. வெற்றிக்குக் காரணங்கள் பல. நமக்கு வேண்டுவது ஒன்றே: சக்கரமோ சங்கிலியோ புதையும் மண்ணில் எந்தக் கன்வர்ட்டரும் வழி காட்டாது. வண்டியின் எடையும் அது தரையில் பதியும் அளவுமே அங்கே தீர்ப்பு வழங்கும்.

எண்ணெய் தரும் மென்மைக்கு விலையும் உண்டு. வண்டி நிற்க, எஞ்சின் முழுவிசையோடு சுழலும்போது அதன் ஆற்றல் முழுதும் எண்ணெயில் வெப்பமாகவே முடிகிறது. 1948இல் ப்யூக் வெளியிட்ட டைனாஃப்ளோ, ஏறக்குறைய அனைத்தையும் கன்வர்ட்டரிடமே விட்டது; பட்டுப்போல் ஓடிற்று, எரிபொருளையும் விழுங்கிற்று. அடுத்த ஆண்டே பேக்கார்டு நிறுவனம், வேகம் கூடியபின் எண்ணெயை விலக்கி இரு பக்கங்களையும் நேரே பூட்டிவிடும் ‘லாக்-அப்’ கிளச்சை அமைத்தது. செலவு கருதிப் பலர் அதைக் கைவிட்டனர். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் அதுவே எங்கும் பரவியது. நம் இரயில்வேயின் மன்மோகன் சூரி டீசல் எஞ்சினுக்கென வகுத்த முறையும், தொடக்க இழுப்பைக் கன்வர்ட்டரிடமும் விரைந்த ஓட்டத்தை வேறோர் இணைப்பிடமும் ஒப்படைத்தது. 1962ஆம் ஆண்டின் பட்நாகர் பரிசு பெற்ற அப்பொறியாளரை நம்மவர் இன்னும் மிகுதியாக அறிந்திருக்க வேண்டும்.

நான்கு சக்கரமும் இழுக்கும் பொதுமக்கள் வண்டியில் தானியங்கிக் கியரை முன்னின்று தந்தது 1962 இறுதியில் வந்த ஜீப் வேகனீர். 1970இல் பிறந்த ரேஞ்ச் ரோவரோ 1982 வரை காத்திருந்தது. மகிந்திரா நிறுவனம் இந்தியாவில் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது 1947இல். அம்மரபில் வந்த தார் வண்டிக்கு ஆறு கியர் கொண்ட கன்வர்ட்டர் வகை 2020இல் கிடைத்தது.

இனித் தேர்வுக்கு வருவோம். பிரேக்கை இறுக அழுத்தி, கியரில் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் எஞ்சின் எத்தனை சுற்றுக்குமேல் ஏற மறுக்கிறதோ, அதுவே ‘ஸ்டால்’ வேகம். சாதாரண வண்டிகளில் அது நிமிடத்திற்கு 2,000 சுற்றுகளை ஒட்டி இருக்கும். பந்தயக்காரர் 3,000க்கு மேல் விரும்புவர். அவர்களைப் பார்த்து மலையேறுவோரும் ஆசைப்படுவது நமக்கு உடன்பாடன்று. பாறைமேல் அங்குலம் அங்குலமாக நகரவேண்டிய இடத்தில், உயர்ந்த ஸ்டால் உடைய வண்டி மிதிக்க மிதிக்க அசையாது நின்று, பின் திடுமெனப் பாயும். அதற்குள் எண்ணெயும் கொதிக்கும். குறைந்த சுற்றிலேயே இழுக்கும் டீசல் எஞ்சினுக்குக் குறைந்த ஸ்டாலே பொருந்தும். உயர்ந்த சுற்றில்தான் வலிமை காட்டும் பெட்ரோல் எஞ்சினுக்குச் சற்றே உயர்த்தலாம். ஒரே கன்வர்ட்டர் வலிய எஞ்சினோடு சேர்ந்தால் ஸ்டாலும் உயரும். ஆகவே விற்பனைத் தாளில் அச்சிட்ட எண் எந்த எஞ்சினுக்கு உரியது என்று கேட்டுப் பெறுதல் வேண்டும்.

பெரிய டயர் பூட்டியபின் வண்டி சோர்ந்தது என்று பலர் கன்வர்ட்டரை மாற்றப் புறப்படுகின்றனர். டயர் பெரிதானால் கியரின் கணக்கே மாறிவிடுகிறது. முதலில் மாற்ற வேண்டியது அச்சிலுள்ள பல்சக்கர விகிதம். ஏற்றத்தில் ‘லோ’ கியரைப் போட்டுக்கொள்வோருக்கு எண்ணெயின் சுமை பெரிதும் குறையும். இறக்கத்திலோ, லாக்-அப் பூட்டாத கன்வர்ட்டர் கிளச்சைப்போல் எஞ்சினைக் கெட்டியாகப் பற்றாது; கியரைத் தாழ்த்தி இறங்கவேண்டும். எண்ணெயைக் குளிர்விக்கும் தனி ரேடியேட்டரும் வெப்பமானியும் பூட்டிக்கொள்வது, விலையுயர்ந்த கன்வர்ட்டரைவிட முந்திச் செய்யத்தக்க செலவு. சிவந்திருந்த எண்ணெய் கறுத்துக் கருகிய வாடை வீசினால், அடுத்த கணவாயை நோக்கிப் புறப்படுமுன் அதை மாற்றிவிடுக.